வைக்கோலை மடக்கி உழுதால் பயிர் ஏன் வெளிறுகிறது? கார்பன் : தழைச்சத்து விகிதம், ஓர் எளிய விளக்கம்

வைக்கோலை எரிக்காமல் ரோட்டவேட்டர் விட்டு மண்ணோடு கலந்த வயல் ஒன்று. பக்கத்திலேயே பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை மடக்கி உழுத வயல் ஒன்று. இரண்டிலும் ஒரே நாளில் மக்காச்சோளம் விதைத்தால், மூன்றாவது வாரத்தில் வித்தியாசம் வரப்பிலிருந்தே தெரியும். தக்கைப்பூண்டு வயல் கரும்பச்சையாக எழுந்து நிற்கும். வைக்கோல் வயலில் பயிர் வெளிறி, குட்டையாக நிற்கும். கிட்டப் போய் அடி இலையைப் பார்த்தால், நுனியில் தொடங்கிய மஞ்சள் நடுநரம்பை ஒட்டி ஆப்பு வடிவில் உள்ளே இறங்கியிருக்கும். அது தழைச்சத்துப் பற்றாக்குறையின் அடையாளம். இரும்புச்சத்தோ கந்தகமோ குறைந்தால் மஞ்சள் இளம் இலையில்தான் முதலில் தோன்றும்.

இரண்டு வயலிலும் மண்ணுக்குள் போனது இயற்கைப் பொருள்தான். ஒன்று உரமானது, மற்றொன்று பயிரின் வாயிலிருந்ததையும் பிடுங்கிக்கொண்டது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் எண் போதும். அதுதான் கார்பன் : தழைச்சத்து விகிதம். இயற்கை விவசாயத்துக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதையே; கரைசல்களின் செய்முறையெல்லாம் பிறகு வரலாம்.

விகிதம் என்றால் என்ன?

எந்தச் செடியையும் நன்றாகக் காயவைத்து எடை போட்டால், அந்த எடையில் ஏறக்குறைய 40 முதல் 45 விழுக்காடு கார்பன். வைக்கோலானாலும் வேப்பிலையானாலும் இதில் பெரிய மாற்றம் இருக்காது. மாறுவது தழைச்சத்துதான், அதாவது நைட்ரஜன். காய்ந்த வைக்கோலில் அது 0.6 விழுக்காடு அளவில் இருக்கும். பூக்கும் பருவத் தக்கைப்பூண்டில் 2.5 விழுக்காட்டை எட்டும். கார்பனைத் தழைச்சத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். வைக்கோலுக்கு 40ஐ 0.6ஆல் வகுத்தால் 67. தக்கைப்பூண்டுக்கு 43ஐ 2.5ஆல் வகுத்தால் 17.

மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய சில எண்கள்: கடலைப் புண்ணாக்கு 7, கோழி எரு 10க்குப் பக்கத்தில், கிளைரிசிடியா இலை 13 முதல் 15, நன்கு மக்கிய தொழு உரம் 15 முதல் 20, பச்சைச் சாணம் 20 முதல் 25. இவையெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் நெல் வைக்கோல் 60 முதல் 80, கரும்புச் சோகை 100ஐ ஒட்டி, மக்காத தென்னை நார்க்கழிவு 112, மரத்தூள் பல நூறு. இடத்துக்கு இடம், பயிரின் வயதுக்கு ஏற்ப இவை மாறும். ஆனாலும் எது எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் வராது.

24 என்ற எல்லைக்கோடு

மண்ணில் போட்டதை மக்கவைப்பவை பாக்டீரியாவும் பூஞ்சையும். அவற்றின் உடலில் சராசரியாக 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு தழைச்சத்து உண்டு. உண்ணும் கார்பன் முழுவதும் அவற்றின் உடலாவதில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மூச்சாகி, கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். ஒரு பங்குதான் உடலில் சேரும். ஆகவே 8 பங்கு கார்பன் உடலில் சேர 24 பங்கு கார்பனை உண்ண வேண்டும். அதனுடன் 1 பங்கு தழைச்சத்தும் வேண்டும். 24:1 என்ற எண் வருவது இப்படித்தான்.

உணவு 24:1க்குக் கீழே இருந்தால் நுண்ணுயிருக்குத் தேவையானது போகத் தழைச்சத்து மிஞ்சும். அது மண்ணில் வெளியாகிப் பயிருக்குக் கிடைக்கும். மேலே இருந்தால் பற்றாது. பற்றாததை நுண்ணுயிர் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். இந்தப் போட்டியில் வேர் தோற்றுவிடும், ஏனெனில் நுண்ணுயிர் மண்ணின் ஒவ்வொரு துகளிலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

எவ்வளவு பற்றாது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1 டன் காய்ந்த வைக்கோலில் 400 கிலோ கார்பன், 6 கிலோ தழைச்சத்து. கார்பனில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 133 கிலோ, நுண்ணுயிரின் உடலாக வேண்டும். அதை 8ஆல் வகுத்தால் தேவைப்படும் தழைச்சத்து ஏறக்குறைய 17 கிலோ. வைக்கோலிலேயே இருப்பது 6. மீதி 11 கிலோவை மண்ணிடம் கடனாகத்தான் வாங்க வேண்டும். ஏக்கருக்கு 2 டன் வைக்கோலை உழுதால் கடன் 22 கிலோ. பயிருக்கு என்று நாம் போடும் தழைச்சத்தில் இது கணிசமான பங்கு.

தக்கைப்பூண்டுக்கு இதே கணக்கு எதிர்த்திசையில் போகும். ஏக்கருக்கு 8 டன் பச்சைத் தழை கிடைத்தால் காய்ந்த எடை 1.6 டன். அதில் கார்பன் சுமார் 690 கிலோ, தழைச்சத்து 40 கிலோ. நுண்ணுயிர் கட்டிக்கொள்வது 29 கிலோ. 11 கிலோ தொடக்கத்திலேயே வெளியாகிவிடும். அந்த 29உம் தொலைந்துபோவதில்லை. உணவு தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியும்போது அதில் ஒரு பகுதி பருவம் முழுவதும் சிறிது சிறிதாகப் பயிருக்கு வரும், மீதி மட்கில், அதாவது மக்கி மண்ணில் நிலைத்த பொருளில், தங்கும்.

வைக்கோல் வாங்கிய கடனும் இப்படியே ஒருநாள் திரும்பி வரும். சிக்கல் காலத்தில் இருக்கிறது. ஈரமும் காற்றோட்டமும் உள்ள சூடான மண்ணில் முதல் மூன்று முதல் ஆறு வாரம் இழுபறி நீடிக்கும். அதே வாரங்களில்தான் இளம்பயிர் தழைச்சத்துக்கு ஏங்கும்.

பசுந்தாள் உரத்தை எப்போது மடக்குவது?

தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து 45ஆம் நாள் வாக்கில், பூ எடுக்கும்போது மடக்கி உழச் சொல்வது இந்த விகிதத்தை வைத்துத்தான். 30 நாளில் உழுதால் விகிதம் அருமையாக இருக்கும், ஆனால் தழை குறைவு. தழை இன்னும் கிடைக்கட்டுமே என்று 60, 70 நாள் விட்டால் எடை கூடும். கூடவே தண்டு மரமாகும், கீழ் இலைகள் உதிரும், விகிதம் ஏறிக்கொண்டே போகும். வயலில் பத்து இடத்தில் செடியைப் பிடுங்கி அடித்தண்டை ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் நல்ல பருவம். நார் இழுத்துக்கொண்டு வளைந்தால் தாமதமாகிவிட்டது. அப்படிப்பட்ட வயலில் நடவுக்கு இரண்டு வாரமாவது இடைவெளி விடுவது நல்லது. சணப்பு இன்னும் வேகமாக நாராகும் பயிர், அதில் கூடுதல் கவனம் வேண்டும்.

வைக்கோலை என்ன செய்வது?

எரிப்பது தீர்வல்ல. எரித்தால் அதிலுள்ள தழைச்சத்தும் கார்பனும் பெரும்பாலும் புகையாகப் போய்விடும். மிஞ்சுவது சாம்பல்சத்தும் கொஞ்சம் மணிச்சத்தும்தான்.

எளிய வழி, உழாமல் மேலே விடுவது. மூடாக்காகப் பரப்பிய வைக்கோல் மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில்தான் மக்கும். கடனும் அந்த அடுக்கோடு நின்றுவிடும், வேர் மண்டலத்துக்கு இறங்காது. கரும்புச் சோகையின் விகிதம் 100ஐ ஒட்டி இருந்தும் அதை வரிசைக்கிடையில் பரப்பினால் பயிர் வெளிறாததற்குக் காரணம் இதுதான். அதே சோகையைப் பொடியாக்கி மண்ணுக்குள் கலந்துவிட்டால் கதை மாறிவிடும். துகள் சிறிதாகச் சிறிதாக நுண்ணுயிர் பற்றும் பரப்பு கூடும், கடனும் வேகமாக ஏறும்.

உழுதுதான் ஆக வேண்டும் என்றால் காலம் கொடுங்கள். மானாவாரியில் கோடை உழவோடு கலந்துவிட்டால் பருவமழைக்குள் கடுமையான கட்டம் தாண்டிவிடும். மழையே இல்லாத வறண்ட மண்ணில் எத்தனை மாதம் கிடந்தாலும் வைக்கோல் மக்காது. முதல் மழையில்தான் நுண்ணுயிர் விழித்தெழும், நாமும் அந்த மழையில்தான் விதைப்போம். அப்படிப்பட்ட இடங்களில் தட்டைப்பயறு, கொள்ளு போன்ற பயறுவகையை முதலில் போடுவது நல்லது. காற்றிலுள்ள நைட்ரஜனை அவை தாமே நிலைநிறுத்திக்கொள்ளும். முளைத்த முதல் சில வாரம் சற்று வாடினாலும் வேர்முடிச்சு வந்ததும் தேறிவிடும்.

தேங்கிய நீரில் நடக்கும் மக்கலே வேறு. காற்றில்லாமல் வேலை செய்யும் பாக்டீரியா தன் உடலைக் கட்டும் வேகம் குறைவு, ஆகவே தழைச்சத்தை அதிகம் இழுக்காது. குறுவை அறுத்த கையோடு தாளடி நடும் வயல்களில் தொல்லை வேறு வடிவில் வரும். வைக்கோலிலிருந்து அசெட்டிக் அமிலம் முதலான கரிம அமிலங்கள் உண்டாகும், கூடவே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும். வயலில் கால் வைத்தால் குமிழி எழும், அழுகிய முட்டை நாற்றம் வரும். நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் செம்பழுப்பாக இருக்க வேண்டிய வேர் கறுத்திருக்கும். இதற்கு மருந்து உரமல்ல, காற்று. நீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை ஓரிரு நாள் காயவிட்டுப் பிறகு நீர் கட்ட வேண்டும். உழவுக்கும் நடவுக்கும் இடையில் 15 முதல் 20 நாள் கிடைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

உழுத வைக்கோலுக்கு ஜீவாமிர்தம் விட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசலில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு. மூன்றிலும் உள்ள தழைச்சத்தைக் கூட்டினால் சுமார் 200 கிராம் வரும். கரைசலுக்கு வேறு பயன்கள் இருக்கலாம். 2 டன் வைக்கோல் ஏற்படுத்திய 22 கிலோ கடனை அது அடைக்காது. தழைச்சத்துள்ள பொருளைத்தான் போட வேண்டும். 5 விழுக்காடு தழைச்சத்துள்ள வேப்பம் புண்ணாக்கு 100 கிலோ போட்டால் 5 கிலோ கிடைக்கும். அதனால்தான் முழுக் கடனையும் வெளியிலிருந்து அடைப்பதைவிட வைக்கோலை வயலுக்கு வெளியே மக்கவைத்துக் கொண்டுவருவது மலிவு.

உரக்குவியலில் கலவைக் கணக்கு

குவியலைத் தொடங்கும்போது விகிதம் 25 முதல் 30க்குள் இருப்பது நல்லது. வயலில் 24 என்று சொல்லிவிட்டு இங்கே 30 என்பதற்குக் காரணம், குவியல் நமக்காகக் காத்திருக்கும், பயிர் காத்திருக்காது. மக்க மக்கக் கார்பன் வெளியேறி விகிதம் தானாக இறங்கும்.

வழக்கமாகச் செய்வது சாணமும் வைக்கோலும். பச்சைச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 100 கிலோ சாணத்தில் திடப்பொருள் 20 கிலோ. அதில் கார்பன் 8 கிலோ, தழைச்சத்து 0.36 கிலோ. இதை 100 கிலோ வைக்கோலோடு சேர்த்தால் மொத்தம் 48 கிலோ கார்பன், 0.96 கிலோ தழைச்சத்து. விகிதம் 50. சாணத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போய் 30ஐத் தொட வேண்டுமானால் 100 கிலோ வைக்கோலுக்கு ஏறக்குறைய 800 கிலோ சாணம் வேண்டும். குழி ஆறு மாதம் கழித்தும் வைக்கோலாகவே கிடப்பதற்கு முதற்காரணம் இங்கே இருக்கிறது.

விடுபட்டது கோமியம். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் பெரும் பங்கு சிறுநீரில்தான் போகிறது. லிட்டருக்குச் சுமார் 9 கிராம். அதே 100 கிலோ வைக்கோல், 100 கிலோ சாணத்தோடு 70 லிட்டர் கோமியம் சேர்த்தால் விகிதம் 30க்கு வந்துவிடும், குவியலுக்கு வேண்டிய ஈரமும் கூடவே கிடைக்கும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் உருவாக்கிய இந்தூர் முறையில், தொழுவத்தில் சிறுநீர் ஊறிய மண்ணை அடுக்குகளுக்கிடையே கட்டாயம் போடச் சொன்னதன் பொருள் இப்போது விளங்கும். சிமெண்டுத் தரை போட்டுக் கோமியத்தைச் சாக்கடையில் விடும் தொழுவங்களில் உரத்தின் பாதி பலம் அங்கேயே போய்விடுகிறது.

மாடு இல்லாதவர்களுக்குக் கிளைரிசிடியா உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 150 கிலோ பச்சை இலை. இலையின் கால் பங்கு திடப்பொருள், அதில் 3.5 விழுக்காடு தழைச்சத்து என்று கொண்டால் கலவை 30:1க்குப் பக்கத்தில் நிற்கும். கொஞ்சம் பழைய மட்கைத் தூவி நுண்ணுயிரைக் கொடுத்தால் போதும். வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, குவியலை 3 அடிக்குக் குறையாத உயரமும் அகலமுமாகக் கட்டுங்கள். சின்னக் குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஈரம் பளபளக்க வேண்டும், சொட்டக்கூடாது. மூன்று நான்கு நாளில் உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரும். இரண்டு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம் என மூன்று முறை புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் பயன்படுத்தலாம்.

சூடே ஏறவில்லை என்றால் ஒன்று ஈரமில்லை, அல்லது தழைச்சத்து இல்லை. முதலில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், அதற்கும் அசையாவிட்டால் பச்சை இலையோ கோமியமோ சேருங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் விகிதம் 20க்குக் கீழே போய்விட்டது, தழைச்சத்து காற்றில் பறக்கிறது என்று அர்த்தம். உடனே நறுக்கிய வைக்கோலையோ சருகையோ கலக்க வேண்டும். கோழி எருவைத் தனியாகக் குவித்தால் இது கட்டாயம் நடக்கும். அடுப்புச் சாம்பலையும் சுண்ணாம்பையும் தொடக்கத்தில் அள்ளிப் போட்டாலும் காரத்தன்மை ஏறி இதே இழப்புதான். அழுகிய நாற்றம் என்றால் தண்ணீர் அதிகம், புரட்டிவிடுங்கள்.

தென்னை நார்க்கழிவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த முறையில் 1 டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்க்கிறார்கள். விகிதம் 112இலிருந்து 24க்கு இறங்குகிறது. இயற்கைச் சான்று பெற்றவர்கள் யூரியா போட முடியாது. அந்த யூரியாவிலுள்ள 2.3 கிலோ தழைச்சத்துக்கு ஈடாகக் காய்ந்த கோழி எரு 90 கிலோவாவது வேண்டும். அதிலுள்ளது மெதுவாகவே வெளிவரும் என்பதால் 150 கிலோ வரை போடலாம். எரு எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது என்பதைச் சான்றளிப்பவர்களிடம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

விகிதம் சொல்லாதது

இங்கே காளான் எதற்கு? நார்க்கழிவில் ஏறக்குறைய 30 விழுக்காடு லிக்னின், அதாவது தண்டை மரமாக்கும் கடினமான பொருள். அதைச் சிதைக்கும் திறன் சிப்பிக்காளான் போன்ற சில பூஞ்சைகளுக்கே நன்றாக உண்டு. விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் லிக்னினும், துவர்ப்புத் தரும் பாலிஃபீனாலும் கூடிய பொருள் மெதுவாகத்தான் மக்கும். வெப்பமண்டல நாடுகளில் பசுந்தழைகளை ஆராய்ந்தவர்கள் வகுத்த அளவுகோல் இது: தழைச்சத்து 2.5 விழுக்காட்டுக்கு மேல், லிக்னின் 15க்குள், பாலிஃபீனால் 4க்குள் இருந்தால் இலையை நேரடியாக வயலில் போடலாம். துவர்ப்பும் நாரும் மிகுந்த இலைகளைக் குவியலில் சேர்ப்பதே நல்லது.

மண்ணில் கரிமத்தை, அதாவது மட்கிலுள்ள கார்பனை, ஏற்றுவதற்கும் இதே விகிதம்தான் எல்லை போடுகிறது. மட்கின் விகிதம் 10 முதல் 12. ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 850 டன். அதில் கரிமத்தை 0.1 விழுக்காடு உயர்த்த 850 கிலோ கார்பன் நிலைக்க வேண்டும், அதனுடன் 75 கிலோவுக்கு மேல் தழைச்சத்தும் நிலைக்க வேண்டும். வைக்கோல் மட்டும் இதைத் தராது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் நடக்கும் பிராட்பாக் கோதுமை வயலில், ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் பெறும் பாத்தியில், ரசாயன உரம் மட்டும் பெறும் பாத்திகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் கரிமம் இருக்கிறது. அதே வயலின் ஒரு பகுதியில் 1986 முதல் வைக்கோலை உழுது வந்தும் அங்கே உயர்வு சிறிதுதான். கோவையிலும் 1909 முதல் இப்படியொரு நிரந்தர உரச் சோதனை நடக்கிறது.

சோதனை அட்டையில் எதைப் பார்ப்பது?

மண்வள அட்டையில் வரும் தழைச்சத்து எண் பயிருக்கு உடனே கிடைக்கக்கூடிய அளவு மட்டுமே, மொத்தம் அல்ல. ஆகவே அதை வைத்து மண்ணின் விகிதத்தைக் கணக்கிடக் கூடாது. உரத்தைச் சோதனைக்கு அனுப்பும்போது மொத்தக் கரிமம், மொத்தத் தழைச்சத்து என்று எழுதிக் கேளுங்கள். அறிக்கையில் கரிமப் பொருள் என்று இருந்தால் அதை 1.724ஆல் வகுத்தால்தான் கரிமம் கிடைக்கும். வகுக்க மறந்தால் நல்ல உரமும் மக்காததுபோலத் தோன்றும். விலைக்கு வாங்கும் நகரக் கழிவு உரத்தின் விகிதம் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 20க்குள் இருக்க வேண்டும்.

ஆய்வகம் தொலைவில் இருந்தால், ஈரமான உரம் இரண்டு கைப்பிடியைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் நிழலில் வையுங்கள். திறக்கும்போது பை உப்பியிருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ மக்கல் முடியவில்லை. மண்வாடை வந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். தொட்டியில் பாதி உரம், பாதி மண் கலந்து கம்பு விதையுங்கள். பக்கத்துத் தொட்டியில் வெறும் மண்ணில் அதே கம்பு. பயறு விதைத்தால் சோதனை பலிக்காது, அது தன் தேவைக்குத் தானே சம்பாதித்துக்கொள்ளும். 15 நாளில் உரத் தொட்டியின் கம்பு மற்றதைவிட வெளிறியிருந்தால், குவியலுக்குக் கோமியம் தெளித்து, புரட்டி, இன்னும் ஒரு மாதம் விட்டு வையுங்கள்.